யார் இந்த சார்லஸ் போன்சி? 45 நாளில் 50% லாபம்... பாஸ்டனை ஏமாற்றிய கதை!

இத்தாலியில் 1882-ல் பிறந்து, 1903-ல் அமெரிக்காவுக்கு வந்தவர் போன்சி. கனடாவில் போலி செக் வழக்கில் ஜெயிலுக்கும் போனவர்.

1920-ல் பாஸ்டனில் ஒரு கம்பெனி ஆரம்பித்தார். வெளிநாட்டில் தபால் கூப்பனை மலிவாக வாங்கி அமெரிக்காவில் மாற்றினால் லாபமாம். 45 நாளில் 50% தர்றேன் என்றார். ஆள் பிடித்துத் தரும் ஏஜென்டுகளுக்கு 10% கமிஷன் (எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா?). முதலில் சேர்ந்தவர்களுக்குச் சொன்னபடி பணமும் வந்தது. வலையே அதுதான். லாபம் பார்த்தவங்களே சொந்தபந்தத்தைக் கூட்டிட்டு வந்தாங்க.

உண்மையில், புதுசா சேர்ந்தவர் பணம்தான் பழையவருக்குப் போனது. அவர் சொன்ன வியாபாரத்துக்கு 16 கோடி கூப்பன் வேண்டும். புழக்கத்தில் இருந்ததோ சுமார் 27,000!

அதே ஆண்டு ஆகஸ்ட்டில் கைது. பலருக்குப் போட்டதில் பாதிகூடத் திரும்பவில்லை. போன்சி 1949-ல் ரியோ டி ஜெனிரோவில், தர்ம ஆஸ்பத்திரியில் இறந்தார்.