பத்து வெள்ளியும் ஒரு தோட்டமும்

1957ஆம் ஆண்டில் மலாயா விடுதலை பெற்றது. அம்மகிழ்ச்சி அடங்குவதற்குள், ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்களை ஓர் அச்சம் பற்றிக்கொண்டது. வெளிநாட்டு முதலாளிகள் பலர் தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியவர்களோ அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பலருக்கு விற்றனர். இதுவே தோட்டத் துண்டாடல். சிறிய நிலத்தை வாங்கியவருக்கு அத்தனை தொழிலாளர் தேவைப்படவில்லை. தோட்டத்தில் வேலை போனால் லயத்து வீடும் போய்விடும். பிள்ளைகள் படித்த தமிழ்ப்பள்ளியும் நிலைக்காது.

இத்துயரை நன்கு உணர்ந்தவர் துன் வீ. தி. சம்பந்தன். இவர் 1919ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் பிறந்தார். தந்தை வீராசாமி, தொழிலாளியாக மலாயாவுக்கு வந்து தோட்ட உரிமையாளராக உயர்ந்தவர். அதனால், தோட்டத்தின் இரு பக்கங்களையும் சம்பந்தன் அறிந்திருந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற அவர், 1955இல் ம.இ.கா.வின் தலைவரானார், அமைச்சராகவும் பொறுப்பேற்றார்.

விற்பனைக்கு வரும் தோட்டத்தைத் தொழிலாளர்களே வாங்கிவிட்டால் அதைத் துண்டாடுவதற்கு யார் இருப்பார்? இந்த எண்ணத்தில் 1960இல் உருவானதே தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். நாள்கூலிக்குப் பால் வெட்டுபவரிடம் பெருந்தொகை ஏது? எனவே, மாதம் பத்து வெள்ளி தவணையில் பங்குப் பணத்தைச் செலுத்த வழி செய்யப்பட்டது. ஒருவரின் பத்து வெள்ளி ஒரு மூலை நிலத்தைக்கூட வாங்காது. பத்தாயிரம் பேர் சேர்ந்தால் ஒரே மாதத்தில் ஓர் இலட்சம் வெள்ளி திரண்டுவிடும்!

ஆயினும், தொழிலாளர்கள் எளிதில் இணங்கிவிடவில்லை. நகையாகவோ சீட்டாகவோ சேமித்துப் பழகியவர்களுக்குப் பங்கு என்பது கண்ணுக்குத் தெரியாத பொருள். அவர்களின் தயக்கத்தை அறியாமை என்று சொல்வது தவறு. வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் அல்லவா? சம்பந்தன் தோட்டந்தோட்டமாகச் சென்று அவர்களிடம் நேரில் பேசினார். உறுப்பினர்கள் பெருகினர். கெடா மாநிலத்தில் ஏறக்குறைய 3,000 ஏக்கர் பரப்புள்ள புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் சொத்தானது.

வாங்குவதைவிட நடத்துவதே கடினம். ரப்பர் கன்றை நட்டால், பால் வெட்ட ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். கிடைக்கும் இலாபத்தை எல்லாம் உறுப்பினர்களுக்குப் பங்கிட்டுவிட்டால் கிழட்டு மரங்களை அகற்றி மறுநடவு செய்யப் பணம் இருக்காது. அனைத்தையும் நிலத்திலேயே போட்டால் பங்கு வாங்கியவர்கள் நம்பிக்கை இழப்பார்கள். போதாக்குறைக்கு, 1960களில் ரப்பர் விலை சரிந்துகொண்டே வந்தது. நாட்டில் பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. எதை நடுவது, எவ்வளவு பங்கிடுவது, அடுத்த தோட்டத்தை எப்போது வாங்குவது எனும் கேள்விகள் ஒவ்வோர் ஆண்டும் எழுந்தன.

சம்பந்தன் 1979ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் மறைந்தார். அதற்குள், அன்று தயங்கி நின்ற தொழிலாளர்களின் சங்கம் பல தோட்டங்களுக்கு உரிமையாளராகிவிட்டது.