தேகப்பயிற்சி ஆசான் பக் துரை

செங்கற்பட்டு ஜில்லாவின் கடலோரத்தில் மாமல்லபுரம் என்னும் பழம்பதி உளது. ஏழாம் நூற்றாண்டில் தொண்டைநாட்டை ஆண்ட முதலாம் நரசிம்மவர்மன் மாமல்லன் என்னும் விருதுப்பெயர் பூண்டவன். அப்பெயரே ஊருக்கும் பெயராயிற்று. பெரிய மல்லன் என்பது அதன் பொருள். கலையிலும் போரிலும் புகழ்பெற்ற அரசனொருவன் மல்லன் என்று அழைக்கப்படுவதையும் தனக்குப் பெருமையாகக் கொண்டான் எனின், தேகவன்மையை நம் முன்னோர் எவ்வளவு மதித்தனர் என்பது விளங்கும். ஆயின், அவ்வன்மை மன்னனுக்கும் மல்லனுக்கும் மட்டுமே உரியதோ? அவ்வூர்க் கடற்கரைக் குடிசையிலிருந்து புத்தகம் சுமந்து பள்ளிக்கூடம் செல்லும் சிறுவனுக்கு அதில் பங்கில்லையோ? இக்கேள்வியைத் தம் வாழ்நாள் முழுவதும் சிந்தித்து, சிந்தித்தபடியே செயலும் புரிந்த பெரியார் ஒருவரின் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் மாணாக்கன் ஒருவன் கம்பத்தில் தொங்கிச் சுழல்வதிலும், இரட்டைக் கம்பிகளின்மேல் கைகளை ஊன்றித் தலைகீழாய் நிற்பதிலும் வல்லவனாயிருக்கின்றான் என்று வைத்துக்கொள்வோம். அவன் பள்ளிக்கூடத்துப் பயிற்சியோடு நின்றுவிடுவதா, அன்றி வெளியிலுள்ள தேகப்பயிற்சிக் கழகம் ஒன்றிற் சேர்ந்து தேர்ச்சி பெறுவதா? பள்ளியென்றால் படிப்பும் தோழரும் கூடவே இருக்கும்; பயிற்சியோ வாரத்தில் இரண்டொரு மணி நேரமே. கழகமென்றால் கருவிகளும் ஆசானும் உண்டு. ஆயின் சந்தாவும் தூரமும் மாலைப்பொழுதும் அதற்கு விலையாகும். இது ஒரு வீட்டுக் கேள்வி. இதே கேள்வி ஒரு தேசத்தின் கேள்வியாக வந்து நின்ற காலத்தில் அதற்கு விடை தேடியவரே ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர்.

பக் துரை 1884-ம் வருஷம் நவம்பர் மாதம் 25-ந் தேதி, அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மாகாணத்து லிவர்ப்பூல் என்னும் சிற்றூரிற் பிறந்தார். ஒய். எம். சி. ஏ. என வழங்கும் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தார் ஸ்பிரிங்பீல்டு நகரில் நடத்திய கல்லூரியில் தேகப்பயிற்சிக் கல்வி பெற்றார். அக்கல்லூரி சாமானியமானதன்று. 1891-ம் வருஷத்துக் குளிர்காலத்தில், வெளியே சென்று ஆடவியலாத மாணவர்க்கென்று ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் கூடைப்பந்தாட்டத்தைக் கண்டுபிடித்தது அவ்விடத்திலேதான். அங்குப் பயின்ற வில்லியம் மார்கன் என்பவரே 1895-ல் பக்கத்து ஊரில் கைப்பந்தாட்டத்தை ஏற்படுத்தினார். கருவிப்பயிற்சியில் விருப்பமில்லாத சாதாரண மனிதரையும் ஆட்டத்தின் வாயிலாக உடலுழைப்புக்கு இழுப்பதே அவ்விரு ஆட்டங்களின் நோக்கம். இந்நோக்கம் இளைஞர் பக்கின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது என்பதை அவருடைய பிற்காலச் செயல்கள் காட்டுகின்றன.

அக்காலத்தில் மேனாட்டில் தேகப்பயிற்சி இரண்டு கிளைகளாகப் பிரிந்திருந்தது. ஜெர்மனி தேசத்தில் யான் என்பவர் 1811-ல் பெர்லின் நகரப்புறத்தில் திறந்தவெளிப் பயிற்சிக்களம் ஒன்று அமைத்தார். ஒற்றைக்கம்பி, இரட்டைக்கம்பி முதலிய கருவிகளில் இளைஞர் அங்குப் பழகினர். அதன்வழிப் பயிற்சிக் கழகங்கள் நாடெங்கும் பல்கின. ஸ்வீடன் தேசத்தில் லிங் என்பவர் 1813-ல் ஸ்டாக்ஹோம் நகரில் ஒரு கல்விநிலையம் நிறுவி, உடலின் அமைப்பையும் ஆரோக்கியத்தையும் ஆராய்ந்து, பயிற்சி ஆசிரியர்களைத் தயாரித்தார். அவர் முறை பள்ளிக்கூடங்களிற் புகுந்தது. முன்னது கழகத்தின் வழி. பின்னது பள்ளியின் வழி. ஒன்று வல்லவனை மேலும் வல்லவனாக்குவது. மற்றொன்று மெலிந்தவனையும் நிமிர்ந்து நிற்கச் செய்வது.

1919-ம் வருஷத்தில் பக் துரை சென்னை வந்து சேர்ந்தார். சென்னையில் வாலிபர் சங்கம் 1890-ம் வருஷத்திலேயே ஏற்பட்டு, எஸ்பிளனேடில் அழகிய செங்கற் கட்டடமும் பெற்றிருந்தது. மாலை வேளைகளில் குமாஸ்தாக்களும் கல்லூரி மாணவரும் அங்கு வந்து பயிற்சி செய்வதும் பந்தாடுவதும் உண்டு. வந்தவர் விரும்பி வந்தவர். ஆதலின் அவர்க்குக் கற்பிப்பது எளிது. பக் துரை அக்கூடத்தை விரிவாக்கி, தேர்ந்த வாலிபர் சிலரைப் பயிற்றி, பொதுமக்கள் கைதட்டும் காட்சிகள் நடத்திப் புகழடைந்திருக்கலாம். அது வருந்தாமற் கிடைக்கும் பயன்.

ஆனால் வெளியே இருந்த நிலைமை யாது? நகரத்தில் நான்கைந்து தெருக்களில் இருந்த வாலிபர்க்கே சங்கத்தின் கூடம் பயன்பட்டது. சென்னைக்கு முப்பது மைலுக்கு அப்பாலுள்ள செங்கற்பட்டிலோ மாமல்லபுரத்திலோ படிக்கும் பையனுக்கு அது இருந்தும் இல்லாததே. அவனுக்குக் கிடைத்தது பள்ளிக்கூடத்து டிரில் ஒன்றுதான். வரிசையாய் நிற்றல், கட்டளைக்குக் கையை உயர்த்தல், காலை மடக்கல், கலைதல்: இவ்வளவே பல இடங்களில் தேகப்பயிற்சி எனப்பட்டது. அதைக் கற்பித்தவர் பலர் படிப்புக் குறைந்தவர். ஏனைய உபாத்தியாயரால் சமமாக மதிக்கப்படாதவர். கிராமங்களில் சிலம்பக்கூடங்களும், தண்டால் பஸ்கி கர்லாக்கட்டை பழகும் பயிற்சிக்கூடங்களும் இருந்தன எனினும், அவை பள்ளியின் சுவருக்கு வெளியே தங்கிவிட்டன.

இந்நிலையில் பக் துரை செய்த முடிவே அவர் வாழ்க்கையின் திருப்பம். பயிற்சிக் கழகத்தைப் பெருக்கவும் அவர் முனையவில்லை. பள்ளிதோறும் தாமே சென்று பையன்களைப் பயிற்றவும் முனையவில்லை. தேகப்பயிற்சி ஆசிரியரை உண்டாக்கும் பள்ளி ஒன்றை 1920-ம் வருஷத்தில் தொடங்கினார். முதலில் வந்து சேர்ந்த மாணவர் ஐவரே. ஐவரை வைத்துக்கொண்டு ஒரு கல்லூரியா என்று நகைத்தவரும் இருந்திருப்பர். ஆனால் ஒரு கழகத்தில் ஐவர் பயின்றால் அவ்வைவரே வலிமை பெறுவர்; ஆசிரியராகப் பயின்ற ஐவர் ஐந்து பள்ளிகளுக்குச் சென்றால் ஆயிரம் பிள்ளைகள் வலிமை பெறுவர். இக்கணக்கை அவர் நன்கறிந்திருந்தார். ஆசியாக் கண்டத்திலேயே இவ்வகைக் கல்லூரிகளில் இதுவே முதன்மையானது என்பர்.

அவர் தம் மாணவர்க்கு உடலசைவு மட்டும் கற்பிக்கவில்லை. உடற்கூறு, சுகாதாரம், போதனாமுறை ஆகியவற்றையும் படிக்கச் செய்தார். ஏன் இந்த அசைவு, எந்த வயதினர்க்கு எவ்வளவு, களைத்தவனை எப்போது நிறுத்துவது என்பன அறியாதவன் ஆசிரியனாகான் என்பது அவர் கொள்கை. டிரில் ஒன்றையே நம்பாமல், ஓட்டம், தாண்டல், பந்தாட்டம் முதலியவற்றுக்குச் சிறந்த இடம் அளித்தார். மேனாட்டு ஆட்டங்களோடு சடுகுடு முதலிய நம் நாட்டு ஆட்டங்களையும் சேர்த்துக்கொண்டார். ஆட்டங்களின் விதிகளைத் தொகுத்து நூலாக்கினார். ஊருக்கொரு விதியாக வழங்கிய ஆட்டம் அச்சிட்ட விதி பெற்றதும், ஒரு பள்ளி மற்றொரு பள்ளியோடு வழக்கின்றி ஆட இயன்றது. 1929-ல் வியாயாம் என்னும் பத்திரிகையையும் தொடங்கினார். தூரத்து ஊர்களில் தனித்துப் பணிபுரிந்த ஆசிரியர்க்கு அப்பத்திரிகை ஒரு துணையாயிற்று.

இங்ஙனம் பள்ளியையே நாடினார் எனின், சிறந்த வீரரை அவர் புறக்கணித்தாரோ எனில், இல்லை. 1924-ம் வருஷம் பாரிஸ் நகரில் நடந்த ஒலிம்பிக் பந்தயங்களுக்கு இந்தியாவிலிருந்து சென்ற ஓட்டவீரர் குழுவுக்கு மேலாளராயிருந்து வழிநடத்தியவர் அவரே. தடையோட்டத்தில் லக்ஷ்மணனும், நீளத் தாண்டலில் தலீப் சிங்கும் அக்குழுவில் இருந்தனர். பதக்கம் ஒன்றும் கிட்டவில்லை. ஆயின் தோல்வி ஒரு பாடம் கற்பித்தது. கோடிக்கணக்கான மக்களுள் ஓடத்தெரிந்தவர் யார் என்று கண்டெடுக்க ஊர்தோறும் ஏற்பாடு இல்லாத தேசம், ஒரு சிறு குழுவை அனுப்பி வெற்றியை எதிர்பார்ப்பது, விதைக்காதவன் அறுவடைக்கு அரிவாளோடு நிற்பதை ஒக்கும். ஆதலின் பக் துரையும், அதே சங்கத்தைச் சேர்ந்த நோரன் என்பவரும் மாகாணங்களிற் சுற்றி ஒலிம்பிக் சங்கங்கள் அமைய உழைத்தனர். 1927-ல் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவாயிற்று. தோராப்ஜி டாடா அதன் முதல் தலைவரானார்.

எஸ்பிளனேடில் தோன்றிய கல்லூரி வளர வளர இடம் போதாதாயிற்று. பின்னர் அது சைதாப்பேட்டையில், அடையாற்றின் அருகே, அறுபது ஏக்கருக்கு மேற்பட்ட மைதானத்திற் குடியேறியது. அவ்விடம் இன்று நந்தனம் எனப்படுகின்றது. அந்நாளில் சைதாப்பேட்டை சென்னை நகரத்தின் பகுதியன்று; செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது; ஜில்லாக் கலெக்டரின் கச்சேரியும் அங்கேதான் நெடுங்காலம் இருந்தது. எஸ்பிளனேடில் இருந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியும் 1937-ல் அதே ஜில்லாவிலுள்ள தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. நகரத்தின் நெருக்கத்தில் பிறந்த இரண்டு கல்விநிலையங்கள் காற்றும் வெளியும் நாடித் தெற்கே வந்தமை நினைக்கத்தக்கது. உடலுக்கும் உள்ளத்துக்கும் விசாலம் வேண்டும் என்பதை இரண்டும் ஒருங்கே உணர்ந்தன போலும்.

அவருடைய வழியிற் குறையே இல்லை என்று நாம் கூறமாட்டோம். பள்ளிக்கூடம் எல்லாரையும் தழுவுவது. ஆதலாலேயே ஒருவனைத் தனித்துக் கவனிக்க அதற்கு ஓய்வில்லை. நாற்பது பேருக்கு ஒரு பந்தும் ஓர் ஆசிரியரும் என்றால், கம்பியில் அற்புதம் செய்யவல்ல ஒருவன் அந்த நாற்பதில் மறைந்துபோவான். ஆட்டங்கள் பெருகப் பெருகக் கருவிப்பயிற்சி பள்ளிகளில் அருகியது என்போரும் உளர். பரீட்சை நெருங்கியவுடன் தேகப்பயிற்சி வகுப்பைக் கணக்காசிரியர் கடன் வாங்குவதையும், அக்கடன் திரும்பாததையும் நாம் எல்லாரும் கண்டிருக்கிறோம். மறுபுறம், பள்ளிக்கு வெளியே நின்ற கழகங்கள் அரியன சாதித்ததுண்டு. 1914-ல் அமராவதியில் தோன்றிய ஹனுமான் வியாயாம பிரசாரக மண்டலி 1936-ல் பெர்லின் நகரம் சென்று, ஒலிம்பிக் விழாக்காலத்தில் நம் நாட்டுப் பயிற்சிகளை உலகோர்க்குக் காட்டியது. பள்ளியின் மணியோசைக்குக் கட்டுப்படாத அப்பியாசத்தின் பலன் அது.

எனினும் பக் துரை விட்டுச் சென்ற விடையை ஆழ்ந்து நோக்கின், பள்ளியா கழகமா என்னும் கேள்விக்கு அவர் மூன்றாவதான ஒன்றைச் சுட்டினார் என்பது புலனாகும். அதுவே கற்றறிந்த ஆசிரியன். அவன் பள்ளியில் நின்றால் நாற்பதில் மறைந்த ஒருவனைக் கண்டுபிடிப்பான். கண்டுபிடித்தவனைத் தக்க கழகத்துக்கு அனுப்பவும் அறிவான். அவன் கழகத்தில் நின்றால், கைதட்டலுக்காகப் பையனின் மூட்டை முறிக்கமாட்டான். அவன் படிப்பையும் கேட்டறிவான். அவன் இல்லையேல், பள்ளி வெறும் வரிசை. கழகம் வெறும் வித்தை.

பக் துரை 1943-ம் வருஷம் ஜூலை மாதம் 24-ந் தேதி சென்னையிற் காலமானார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. தாம் வந்த நாள்முதல் ஏறக்குறைய இருபத்துநான்கு ஆண்டுகள் அவர் இந்நாட்டில் உழைத்தார். உலகப்போர் மூண்டிருந்த காலமாதலின், அவர் பெரிதும் விரும்பிய ஒலிம்பிக் பந்தயங்கள் அந்நாளில் நின்றுபோயிருந்தன. ஆயின் அவரிடம் பயின்றவர் நாடெங்கும் பள்ளிக்கூட மைதானங்களில் விசிலும் கையுமாக நின்றுகொண்டிருந்தனர். இதைவிடச் சிறந்த நினைவுச்சின்னம் ஓர் ஆசானுக்கு வேறென்ன வேண்டும்?

அவர் மறைந்து ஒன்பது ஆண்டுகளுக்குப்பின், 1952-ல் ஹெல்ஸிங்கியில் நடந்த ஒலிம்பிக் பந்தயத்தில் இந்தியர் முதன்முதல் ஜிம்னாஸ்டிக் போட்டியிற் கலந்துகொண்டனர். 2016-ல் ரியோ நகரில், திரிபுரா நாட்டு அகர்தலாவைச் சேர்ந்த தீபா கர்மாக்கர் என்னும் மங்கை குதிரைமேசை தாண்டலில் நான்காம் இடம் பெற்றார். வெண்கலப் பதக்கம் 0.15 புள்ளியில் தவறியது. அவர் சிறுமியாய்ப் பயிலத் தொடங்கியது உள்ளூர்ப் பயிற்சிக்கூடத்தில். ஆயினும் அவர் கல்வியைக் கைவிடவில்லை. நாடு திரும்பியவுடன் முதுகலைப் பரீட்சையும் எழுதினார். அவர் அருகில் ஆண்டுக்கணக்காய் நின்று கண்காணித்தவர் பயிற்சியாளர் விசுவேசுவர் நந்தி. பள்ளியும் கழகமும் முரண்படாமல் இணைய, நடுவில் ஓர் ஆசான் வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

மாணவ நண்பர்களே, நம்முள் பலர் நாளை ஆசிரியராவோம். சிலர் தலைமையாசிரியராகிக் கால அட்டவணை வகுப்போம். ஏறக்குறைய எல்லாரும் பெற்றோராவோம். நம் பிள்ளை எங்குப் பயில்வது என்று அன்று நாம் கேட்கும்போது, கட்டடத்தையும் கருவியையும் முதலிற் பாராமல், அங்கு நிற்கும் ஆசிரியர் யாவர் என்று பார்ப்போமாக. வாரத்தில் இரண்டொரு மணியே ஆயினும், அதைக் கடன் கொடாமற் காப்போமாக. மாமல்லபுரத்துக் கரையில் ஓடியாடும் சிறுவனுக்கும் மாமல்லனின் வன்மையில் ஒரு பங்குண்டு. அப்பங்கை அவன் கையிற் சேர்ப்பதற்கென்றே கடல் கடந்து வந்தவர் பக் துரை.