700 ரூபாயில் ரசாயனத் தொழிற்சாலை!
எலும்பை எரித்து மருந்து செய்த மேதை

ஆரணி, செய்யாறு பக்கத்தில் பட்டுத் தொழில் செய்கிறவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். கச்சாப் பட்டு நூலில் பசை இருக்கும். சோப்பும் சோடா உப்பும் போட்ட நீரில் காய்ச்சினால் பசை கரைந்துவிடும். நூல் அறாது, பளபளப்பு வரும்.

விஞ்ஞானியும் இப்படித்தான் வேலை செய்கிறார். உயிரணுவுக்குள் இருக்கும் ஆர்.என்.ஏ. என்ற நுண்ணிய இழையைச் சிதையாமல் பிரிக்க, சுத்தமான உப்புகளும் திரவங்களும் வேண்டும். அவை வெளிநாட்டிலிருந்து வந்தால் விலை அதிகம். உள்நாட்டில் செய்தால் கட்டுப்படியாகும்.

இந்த உண்மையை 130 ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்து, செய்தும் காட்டினார் ஒரு வாத்தியார். அவர்தான் பிரபுல்ல சந்திர ராய்.

நோயாளிச் சிறுவன்

1861 ஆகஸ்டு 2-ந் தேதி, வங்காளத்தில் ராருளி என்ற கிராமத்தில் அவர் பிறந்தார். அந்த ஊர் இப்போது வங்காளதேசத்தில் இருக்கிறது. சிறு வயதில் வயிற்றுக்கடுப்பு நோய் வந்து, பள்ளிப் படிப்பே நின்றுபோயிற்று. படுத்த படுக்கையிலும் புத்தகங்களை விடவில்லை.

1882-ல் உதவிச் சம்பளம் பெற்று, எடின்பரோ போனார். ரசாயனத்தில் டாக்டர் பட்டம் வாங்கி, 1888-ல் திரும்பினார். அடுத்த ஆண்டு கல்கத்தா மாநிலக் கல்லூரியில் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் 250 ரூபாய்.

மாடியில் எலும்பு!

மருந்தும் ரசாயனமும் சீமையிலிருந்து கப்பலில் வந்த காலம் அது. படித்த வாலிபர்களோ குமாஸ்தா வேலை தேடி அலைந்தார்கள். இரண்டுக்கும் ஒரே பரிகாரம் கண்டார் ராய். 1892-ல் 700 ரூபாய் முதல் போட்டு, தாம் குடியிருந்த வீட்டிலேயே தொழிலைத் தொடங்கினார். பகலில் கல்லூரி, மாலையில் அடுப்பும் குடுவையும்!

கசாப்புக் கடைகளில் வீணாகும் எலும்புகளை மூட்டை மூட்டையாக வாங்கினார். எரித்துச் சாம்பலாக்கி, கந்தகத் திராவகம் சேர்த்துப் பக்குவம் செய்தால் பாஸ்பேட் உப்பு கிடைக்கும். எலும்பை மாடியில் காயவைத்தார். காகங்கள் வந்து கொத்தின. நாற்றம் கிளம்பியது. அண்டை வீட்டார் சண்டைக்கு வந்தார்கள். எலும்பை ஊருக்கு வெளியே கொண்டுபோக வேண்டியதாயிற்று.

சரக்கு தயார். வாங்குவது யார்? உள்ளூர் மருந்து என்றதும் கடைக்காரர்கள் தயங்கினார்கள். அப்போது கைகொடுத்தார் நண்பர் டாக்டர் அமூல்ய சரண் போஸ். மற்ற டாக்டர்களிடம் பேசி, உள்ளூர் மருந்தை எழுதச் செய்தார். ஆடாதோடையிலும் ஓமத்திலும் மருந்து தயாரிக்க வழி சொன்னார்.

இரண்டு இடிகள்

தொழில் தலையெடுத்த நேரத்தில் இடி விழுந்தது. உடன் உழைத்த பட்டதாரி சதீஷ் சந்திர சின்ஹா, பரிசோதனைச் சாலையில் கொடிய விஷ ரசாயனத்துக்குத் தற்செயலாகப் பலியானார். 1898-ல் பிளேக் நோய் அமூல்ய சரணைக் கொண்டுபோயிற்று.

வலக்கையும் இடக்கையும் போன மாதிரி ஆயிற்று. கடையை மூடியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ராய் மூடவில்லை. இருவர் வேலையையும் தாமே சுமந்தார். 1901-ல் அது பங்குதாரர்கள் சேர்ந்த கம்பெனியாயிற்று. அதுதான் புகழ்பெற்ற பெங்கால் கெமிக்கல்ஸ். மாணிக்தலாவில் பெரிய தொழிற்சாலை எழுந்தது. கந்தகத் திராவகமும் அங்கேயே தயாராயிற்று.

ஒற்றை அறை வாழ்வு

பணம் வந்தது, ஆடம்பரம் வரவில்லை. ராய் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கதர் உடுத்தினார். பல்கலைக்கழக விஞ்ஞானக் கல்லூரியில் ஒரே அறையில் வாழ்ந்தார். 1921-ல் 60 வயதானதும், அதன்பின் வரும் சம்பளம் முழுவதையும் ரசாயனப் பிரிவுக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். 1944 ஜூன் 16-ந் தேதி காலமானார்.

அவர் தொடங்கிய கம்பெனியை 1980-ல் அரசாங்கம் ஏற்றுக்கொண்டது.

2020-ல் கொரோனா வந்தபோது, ஆர்.என்.ஏ.வைப் பிரிக்கும் சாமான்களுக்கு நாடு வெளிநாட்டை எதிர்பார்த்து நின்றது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் ஆராய்ச்சி நிலையத்தார், காந்தத் துகள்களைக் கொண்டு அதைப் பிரிக்கும் முறையை இங்கேயே உருவாக்கினார்கள்.

மாடியில் காய்ந்த எலும்பு சொன்ன பாடமும் அதுதான். நமக்கு வேண்டியதை நாமே செய்துகொண்டால், ஆபத்து வேளையில் அடுத்தவர் வாசலில் காத்து நிற்க வேண்டியதில்லை!