வியன்னா நகரத்து வைத்தியர் வெர்ட்ஹைம்

மாதர்க்கு உறும் பிணிகளுள், வெளியிற் சொல்ல நாணி மறைக்கப்பட்டு, அம்மறைவினாலேயே உயிரைக் கவர்வது கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய். அதற்கு ரண சிகிச்சை முறையொன்றைச் செவ்வையாக வகுத்த எர்ன்ஸ்ட் வெர்ட்ஹைம் என்பாரது சரித்திரத்தை நம் சங்கத்துக் குடும்பத்தினர் அறிந்திருத்தல் நலம்.

இவர் 1864-ஆம் வருஷம் ஆஸ்திரியா தேசத்துக் கிராட்ஸ் நகரிற் பிறந்தார். அங்கேயே வைத்தியக் கல்வி முடித்து, பின்னர் ஷௌட்டா என்னும் பேராசிரியரிடம் உதவியாளராக அமர்ந்தார்.

அக்காலத்தில் கர்ப்பப்பையை மட்டும் அகற்றினால் நோய் மீண்டும் தோன்றுவதே பெரும்பாலும் கண்ட அனுபவம். பக்கத்துத் திசுக்களிலும் நிணநீர்க் கோளங்களிலும் அது முன்னரே பரவியிருத்தலே காரணம். ஆதலின் வயிற்றைத் திறந்து அவற்றையும் உடன் களைதல் வேண்டுமென வெர்ட்ஹைம் துணிந்தார். கர்ப்பப்பையை ஒட்டிச் செல்லும் சிறுநீர்க் குழாய்களைச் சேதமின்றிப் பிரித்து ஒதுக்குவதே அதில் அரிய செயல். 1898 நவம்பர் 16-ஆம் நாள் இம்முறையை முதன்முதல் கையாண்டார்.

தொடக்கத்தில் சிகிச்சை பெற்றோருள் நால்வர்க்கு ஒருவருக்கு மேல் இறந்தனர். வேறொருவராயின் மனம் உடைந்திருப்பர். அன்றேல் கணக்கை மறைத்திருப்பர். இவரோ ஒவ்வொரு மரணத்தையும் எழுதிவைத்துக் காரணம் ஆராய்ந்து, முறையைத் திருத்திக்கொண்டே சென்றார். 1911-இல் 500 நோயாளிகளின் விவரங்களை நூலாக வெளியிட்டார். அவர்கள் அனைவரையும் சேர்த்து நோக்கின், சிகிச்சையால் இறந்தோர் ஏறக்குறைய ஐவருள் ஒருவர். பிற்பகுதியில் அத்தொகை வெகுவாகக் குறைந்திருந்தது.

அவர்தம் ஆசிரியர் ஷௌட்டாவோ, வயிற்றைத் திறவாது கீழ்வழியே செய்யும் முறையைக் கைக்கொண்டார். அதில் மரணம் குறைவு. ஆயினும் நிணநீர்க் கோளங்களை எடுத்தல் இயலாது. குருவும் சீடரும் ஒரே நகரில் இருந்து நெடுநாள் வாதித்தனர். அவ்வாதத்தால் நன்மையடைந்தோர் நோயாளிகளே.

1920 பெப்ரவரியில் வெர்ட்ஹைம் வியன்னாவிற் காலமானார். அவர் வகுத்த முறை திருத்தங்களுடன் இன்றும் வழங்குகிறது. நுண்துளை வழிச் சிகிச்சையினும் வயிற்றைத் திறந்து செய்வதே உயிரை மிகுதியாகக் காத்ததென 2018-இல் வெளிவந்த பெரிய ஆராய்ச்சியொன்று காட்டியது.

எனினும், நோய் முற்றியபின் எத்துணைத் தேர்ந்த கையும் பயன்படாது. மாதவிடாய் நின்றபின் உதிரங்காணினும், இடைநாட்களிற் காணினும், நம் இல்லத்து மாதர் நாணாது உடனே வைத்தியரை அணுகுக. குறி தோன்றுமுன்னரே நோயை அறியும் பரிசோதனையும், சிறுமியர்க்குத் தடுப்பூசியும் இன்று உள. நாணத்தினும் உயிர் பெரிதன்றோ!