எல்லை கண்ட அறிஞர்

ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் 1823ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 8ஆம் நாள் வேல்ஸ் நாட்டில் உஸ்க் என்னும் ஊரை அடுத்துப் பிறந்தார். குடும்பம் வறுமையுற்றமையால் 14 வயதளவில் பள்ளியை விட்டார். தமையனாருடன் நில அளவைத் தொழில் புரிந்தார். வயல்களின் எல்லைகளை அளந்து திரிந்த அந்நாளிலேயே இயற்கையை ஆராயும் வேட்கை அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

1848இல் பேட்ஸ் என்னும் நண்பருடன் தென்னமெரிக்காவிற்குச் சென்றார். அமேசான் காடுகளில் நான்காண்டுகள் அலைந்து, பறவை, பூச்சி முதலியவற்றைத் திரட்டினார். அங்கே 21 வகைக் குரங்குகளைக் கண்டார். அமேசான், மதீரா, ரியோ நெக்ரோ ஆகிய பேராறுகளின் ஒரு கரையில் வாழும் குரங்கினம் சில, மறுகரையில் இல்லாமையை உணர்ந்தார். அந்நாட்டு வேட்டுவர் இதனை முன்னரே அறிந்திருந்தனர். வேண்டிய விலங்கைத் தேடி அவர்கள் ஆற்றைக் கடந்து செல்வது வழக்கம். ஆறுகள் சிறுத்து ஓடும் தலைப்பகுதிகளில் இவ்வெல்லை மறைந்துவிடும்.

1852இல் தாயகம் திரும்புகையில் நடுக்கடலில் கப்பல் தீப்பற்றியது. உடன் கொணர்ந்த குரங்குகளும் கிளிகளும் பெரும்பாலும் மடிந்தன; அரிதின் ஈட்டிய தொகுப்புகள் சாம்பலாயின. வாலஸ் பத்து நாள் படகில் தவித்து, வேறொரு கப்பலால் உயிர் பிழைத்தார். எனினும் உளந்தளர்ந்தாரல்லர். அவ்வாண்டு திசம்பரிலேயே இலண்டன் விலங்கியல் கழகத்தில் அமேசான் குரங்குகளைப் பற்றிய கட்டுரையைப் படித்தார். ஓர் உயிர் அமேசானில் கிடைத்தது என்று மட்டும் எழுதிவைத்தல் போதாது, எக்கரையில் கிடைத்தது என்பதும் வேண்டும் என அதில் வற்புறுத்தினார்.

உயிரினங்கள் எங்ஙனம் தோன்றின என்னும் வினா அவரை மீண்டும் பயணத்திற்குத் தூண்டியது. 1854 முதல் 1862 வரை மலாய்த் தீவுகளில் ஆராய்ந்தார். இயற்கைத் தேர்வு என்னும் கொள்கையைத் தாமே கண்டறிந்தார். 1858ஆம் ஆண்டு சூலை முதல் நாள் அவருடைய கட்டுரையும் டார்வினுடைய எழுத்துகளும் இலண்டனில் ஒருங்கே படிக்கப்பெற்றன.

உயிரினம் ஒவ்வொன்றும் உலக வரலாற்று நூலின் ஓர் எழுத்துப் போன்றது. எழுத்துகள் அழிந்தால் நூலைப் படித்தல் இயலாது என 1863இல் அவர் எச்சரித்தார். 1913ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் தமது 90ஆம் வயதில் மறைந்தார்.

அவர் எச்சரிக்கை இன்றும் பொருந்துவதாகும். பிரேசிலில் மனாஸ் நகரைச் சூழ்ந்த காடுகளில் மட்டும் வாழும் இருநிறச் சிறுகுரங்கு, நகரம் பெருகக் காடு குறைதலால் அழிவின் விளிம்பில் நிற்கின்றது. மறுகரையில் காடு இருப்பினும் இக்குரங்கிற்கு அது புகலிடம் ஆகாது. ஆதலின் மாணவர்களே! ஓர் உயிரைக் காக்க விரும்புவோர், அது வாழும் இடத்தை முதலில் அறிதல் வேண்டும். அவ்விடத்தையே காத்தலும் வேண்டும்.