பாஸ்கர சேதுபதி

பாஸ்கர சேதுபதி (நவம்பர் 3, 1868 – டிசம்பர் 27, 1903) இராமநாதபுரம் சமஸ்தானத்தின் ஜமீன்தார், சேதுபதி மரபினர். சுவாமி விவேகானந்தரின் சிகாகோ பயணத்துக்கு ஊக்கமும் பொருளுதவியும் அளித்தவர்களுள் ஒருவராக அறியப்படுகிறார்.

இளமை

தந்தை முத்துராமலிங்க சேதுபதி 1873இல் காலமானபோது பாஸ்கரருக்கு வயது நான்கு. எனவே சமஸ்தானம் ஆங்கிலேய அரசின் மேற்பார்வைக்குச் சென்றது. அவர் சென்னையில் ஆங்கிலக் கல்வி பெற்று, 1889இல் பட்டம் ஏற்றார்.

சிகாகோ பயணம்

1892இல் தென்னகம் வந்த விவேகானந்தரை மதுரையில் சந்தித்த சேதுபதி, சர்வசமயப் பேரவைக்குச் செல்லுமாறு அவரைத் தூண்டினார். சென்னையில் அளசிங்கப் பெருமாள் முதலியோர் நிதி திரட்டினர். கேத்ரி மன்னர் அஜித் சிங்கும் உதவினார்.

1893 மே 31இல் பம்பாயில் கப்பலேறிய விவேகானந்தர் கொழும்பு, சிங்கப்பூர், ஹாங்காங், ஜப்பான் வழியாக ஜூலை 25இல் வான்கூவரை அடைந்து, இரயிலில் ஜூலை 30இல் சிகாகோ சேர்ந்தார். பயணம் 60 நாட்கள் நீடித்தது.

தொலைவு ஒப்பீடு

இராமநாதபுரத்துக்கும் சிகாகோவுக்கும் இடையே புவிப்பரப்பின் மீதான மிகக் குறைந்த தொலைவு ஏறத்தாழ 14,150 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் இடைநிற்காமல் பறக்கும் விமானம் இதைச் சுமார் 16 மணி நேரத்தில் கடக்கும். நடைமுறையில் மதுரை அல்லது சென்னை விமான நிலையம் சென்று, இடையில் விமானம் மாற வேண்டியிருப்பதால் பயணம் ஒரு நாளுக்கு மேலாகலாம்.

பாம்பன் வரவேற்பு

விவேகானந்தர் 1897 ஜனவரி 15இல் கொழும்பு வந்து, கண்டி, அனுராதபுரம், யாழ்ப்பாணம் வழியாக ஜனவரி 26இல் பாம்பனில் கரையிறங்கினார். பாம்பன் இரயில் பாலம் அப்போது இல்லை; அது 1914இல்தான் திறக்கப்பட்டது. சேதுபதி நேரில் வந்து வரவேற்றார். விவேகானந்தர் அமர்ந்திருந்த வண்டியைக் குதிரைகளுக்குப் பதிலாக மக்களுடன் சேர்ந்து அவரும் இழுத்தார். நிகழ்வின் நினைவாகப் பாம்பனில் தூண் ஒன்றையும் எழுப்பினார்.

தமிழ்ப்பணி

சேதுபதி புலவர்களை ஆதரித்தார். உறவினர் பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவியபோது அதற்குத் துணை நின்றார்.

கமுதி வழக்கும் கடன்சுமையும்

1897 மே மாதம் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார் சமூகத்தினர் நுழைந்ததை எதிர்த்து, கோயிலின் அறங்காவலர் என்ற முறையில் சேதுபதி வழக்குத் தொடர்ந்தார். 1899இல் தீர்ப்பு நாடார்களுக்கு எதிராக அமைந்தது. பின்னர் அவர் சமரசத்துக்கு முன்வந்தும் உயர்நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 1908இல் இலண்டன் பிரிவி கவுன்சிலும் தீர்ப்பை உறுதி செய்தது. சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் 1939இல் வந்தது. சமய சமரசத்தைப் பேச ஒருவரை உலகின் மறுபுறம் அனுப்ப உதவியவர், தம் சமஸ்தானத்துக் கோயில் வாசலில் வழக்காடியவர் என்ற முரண்பாடு இவர் வரலாற்றில் தவிர்க்க முடியாதது.

அளவற்ற கொடைகளாலும் செலவுகளாலும் கடன் பெருகியது. 1890களின் நடுவில் ஜமீன் நிர்வாகம் அவர் கையை விட்டுச் சென்றது.

மறைவு

பாஸ்கர சேதுபதி 1903 டிசம்பர் 27இல் தமது 35ஆம் வயதில் காலமானார். விவேகானந்தர் அதற்கு முந்தைய ஆண்டு, 1902 ஜூலை 4இல் மறைந்திருந்தார். விவேகானந்தர் கரையிறங்கிய பாம்பன் குந்துகாலில் அவருக்கு நினைவு மண்டபம் உள்ளது.