தலைக்கு 20 ரூபாய்!

ஒரு வீட்டு வருமானத்தைக் கணக்குப் போடலாம். ஒரு நாட்டோட வருமானத்தை எப்படிப் போடுவது? இந்தியாவுக்கு அந்தக் கணக்கை முதன்முதலில் போட்டுக் காட்டியவர் ஒரு கணக்கு வாத்தியார். அவர்தான் தாதாபாய் நௌரோஜி.

இவர் 1825 செப்டம்பர் 4 அன்று பம்பாயில் ஓர் ஏழைப் பார்சி குடும்பத்தில் பிறந்தார். நாலு வயசுலயே அப்பா இறந்துட்டார். அம்மா மானெக்பாய் கஷ்டப்பட்டு வளர்த்தார். சம்பளம் கட்டத் தேவையில்லாத பள்ளியில் படித்து, எல்பின்ஸ்டன் கல்லூரியில் கணிதப் பேராசிரியர் ஆனார். அங்கே பேராசிரியரான முதல் இந்தியர் இவரே. 1855-ல் வியாபாரத்துக்காக லண்டன் போனார்.

எங்கள் ஆட்சியில் இந்தியா செழிப்பாக இருக்கிறது என்று ஆங்கிலேயர்கள் சொல்லி வந்தார்கள். நௌரோஜி வாய்ச்சண்டை போடவில்லை. அவங்க அரசாங்க அறிக்கைகளையே கையில் எடுத்தார். எந்த மாகாணத்தில் எத்தனை ஏக்கர் பயிர், ஏக்கருக்கு எவ்வளவு விளைச்சல், என்ன விலை என்று பார்த்துப் பெருக்கினார். உப்பு, நிலக்கரி, கைத்தொழில் எல்லாத்தையும் கூட்டினார். 1867–68-ல் மொத்தம் 34 கோடி பவுண்டு வந்தது. மக்கள் 17 கோடி பேர். வகுத்துப் பாருங்கள்: தலைக்கு 2 பவுண்டு, அதாவது அன்றைக்கு 20 ரூபாய். ஒரு மாசத்துக்கு இல்லைங்க, ஒரு வருஷத்துக்கு! நம்ம கடலூர் இருந்த சென்னை மாகாணத்தில் 18 ரூபாய்தான்.

அதோடு விடவில்லை. சிறைச்சாலை அறிக்கைகளையும் பார்த்தார். ஒரு கைதியின் சாப்பாட்டுக்கும் துணிக்கும் ஆன செலவு, பெரும்பாலான மாகாணங்களில் இந்த வருமானத்தைவிட அதிகம். நம்ம மாகாணத்தில் இரண்டு மடங்குக்கும் மேல்! குற்றம் எதுவும் செய்யாமல் வெயிலில் உழைத்தவனுக்குக் கைதிக்குக் கிடைத்தது கூடக் கிடைக்கவில்லை.

இதை 1876-ல் கட்டுரையாகப் படித்தார். நம் செல்வம் இங்கிலாந்துக்கு வடிந்து போவதே வறுமைக்குக் காரணம் என்றார். 1882-ல் அதிகாரிகள் தாங்களே ஒரு கணக்குப் போட்டார்கள். அதிலும் 27 ரூபாய்தான் வந்தது!

1892-ல் இங்கிலாந்து நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். மூன்று முறை காங்கிரஸ் தலைவராக இருந்தார். 1917 ஜூன் 30 அன்று மறைந்தார்.

பின்னாளில் காஞ்சிபுரத்தில் பிறந்த வி.கே.ஆர்.வி. ராவ் இதே வேலையை இன்னும் நுட்பமாகச் செய்தார். 1931–32-க்கு அவர் கண்டது தலைக்கு 62 ரூபாய். இன்று மத்திய அரசே ஆண்டுதோறும் இந்தக் கணக்கை வெளியிடுகிறது.

நௌரோஜி போட்டது நாம வகுப்பில் போடுற பெருக்கலும் வகுத்தலும்தான். அதை யாருக்காகப் போட்டார் என்பதுதான் பெரிசு!